ஜெயிச்ச பிரிட்டன் ஏன் சுருங்கிப் போச்சு, தோத்த ஜப்பானும் ஜெர்மனியும் எப்படி அமெரிக்கா பக்கம் போச்சு?

கோத்தகிரி_பனி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கத்துல ஒரு ஹட்டில (படுகர் கிராமம்) இருந்து எழுதுறேன், குரூப் ஒன் மெயின்ஸுக்குப் படிச்சிட்டு இருக்கேன். ரெண்டு உலகப்போர் பத்தியும் தேதி, ஒப்பந்தம், யார் யார் எந்தப் பக்கம்னு எல்லாம் மனப்பாடம், ஆனா ஏன் அப்படி ஆச்சுன்னு யாராவது கேட்டா எனக்குப் பதில் வரல, அதான் இங்க கேக்குறேன்.

1945-ல ஜெயிச்சவங்க வரிசைல பிரிட்டன் முன்னாடி நிக்குது. ரெண்டே வருஷத்துல இந்தியாவை விட்டுட்டுக் கிளம்புது. 1956-ல சூயஸ் கால்வாய்க்காகப் படையை இறக்கிட்டு, அமெரிக்கா ஒரு அதட்டு அதட்டுனதும் வாபஸ் வாங்குது. இந்தப் பக்கம் பார்த்தா தோத்துப்போன மேற்கு ஜெர்மனி 1955-லயே அமெரிக்கா தலைமைல இருக்கற ராணுவக் கூட்டணியான நேட்டோக்குள்ள வந்து உக்காந்துடுது. ஜப்பான் அதுக்கும் மேல, தன் தலைல ரெண்டு அணுகுண்டு போட்ட நாட்டோடயே 1951-ல பாதுகாப்பு ஒப்பந்தம் போடுது. பெர்லின் வரைக்கும் போய் ஹிட்லர் கதையை முடிச்ச ரஷ்யா கடைசில எல்லாருக்கும் எதிரி. புக்ல "இதனைத் தொடர்ந்து பனிப்போர் தொடங்கியது"ன்னு ஒரே வரில தாண்டிப் போயிடுறாங்க. அந்த ஒரு வரிக்குள்ள என்னதான் நடந்துச்சு?

இன்னொண்ணும் இருக்கு. எங்க தாத்தா அடிக்கடி சொல்வார், ரஷ்யா உடைஞ்சப்பதான் நம்ம தேயிலை விலையும் உடைஞ்சுதுன்னு. அது நெஜமா, இல்ல பெரியவங்க டீக்கடைல பேசிக்கிறதா? வல்லரசுங்க கணக்கு மாறுனா அது நம்ம மலை வரைக்கும் வருமா? தெரிஞ்சவங்க விரிவாவே எழுதுங்க, நீளமா இருந்தாலும் படிச்சிடுவேன்.

அருவங்காடு_ரிட்டயர்டு எழுதியது:

கண்ணு, நான் கார்டைட் ஃபேக்டரில வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். காலேஜ்ல சரித்திரம் படிச்சது இல்ல, ஆனா வெடிமருந்து செய்யற இடத்துல காலத்தைக் கழிச்சவனுக்கு போருங்கறது முதல்ல சரக்கு, அப்புறம்தான் மத்ததெல்லாம்னு தெரியும். அதுல இருந்தே சொல்றேன்.

மலை ரயில்ல வெலிங்டன் தாண்டுனதும் வர்ற அருவங்காடு ஃபேக்டரி 1900-களோட தொடக்கத்துல வெள்ளைக்காரன் கட்டுனது. கார்டைட்னா என்னன்னு பாதி பேருக்குத் தெரியாது. நைட்ரோகிளிசரினையும் நைட்ரேட் ஏத்துன பஞ்சையும் அசிட்டோன் ஊத்திப் பிசைஞ்சு, அச்சுல கொடுத்து அழுத்துனா சேமியா மாதிரி நீள நீளமா வரும், அதைக் காய வெச்சு வெட்டி எடுக்கணும். குண்டை பீரங்கிக் குழாய்ல இருந்து தள்ளுறது அதுதான். 1915 வாக்குல பிரிட்டனுக்கு இந்த அசிட்டோனே பத்தல. அதுவரைக்கும் மரக்கட்டையை வறுத்து வடிச்சு எடுத்துட்டு இருந்தாங்க, அதுலயும் பெரும்பங்கு வெளிநாட்டுச் சரக்கு. அப்ப மான்செஸ்டர் யுனிவர்சிட்டில இருந்த சைம் வைஸ்மன்னு ஒரு கெமிஸ்ட் மக்காச்சோள மாவுல பாக்டீரியாவை விட்டு அசிட்டோன் எடுத்துக் காட்டினார். அந்த ஆள்தான் பின்னாடி இஸ்ரேலோட முதல் ஜனாதிபதி. பாலஸ்தீனத்துல யூதர்களுக்கு ஒரு தாயகம் அமைய ஆதரவுன்னு பிரிட்டன் 1917-ல சொன்ன பால்ஃபர் பிரகடனம் அவருக்குக் கொடுத்த கூலின்னு சிலர் சொல்றது ரொம்ப சுருக்கமான கதை, அதுக்குப் பின்னாடி நெறைய காரணம் இருக்கு, ஆனா லண்டன்ல பெரிய பெரிய மந்திரிங்க வீட்டுக் கதவு அவருக்குத் திறந்ததுல இந்த அசிட்டோனுக்குப் பங்கு உண்டு. போர்ல யாருக்கு எது பத்தாமப் போகுதோ அங்கதான் புது உறவு முளைக்கும்.

இப்ப உன் கேள்விக்கு வர்றேன். பிரிட்டன் 1945-ல சுருங்கல, போர் நடக்கறப்பவே சுருங்கிடுச்சு. ஆரம்பத்துல அமெரிக்கா காசு வெச்சாத்தான் சரக்குன்னு சொல்லுச்சு, பிரிட்டன் கைல இருந்த தங்கம் டாலர் எல்லாம் கரைஞ்சுது. 1940 செப்டம்பர்ல 50 பழைய போர்க்கப்பல் வாங்கறதுக்காக நியூஃபவுண்ட்லாந்து, பெர்முடா, கரீபியன் தீவுகள்ல எல்லாம் தளம் அமைச்சுக்கற உரிமையை 99 வருஷத்துக்கு அமெரிக்காவுக்கு எழுதிக் கொடுத்தாங்க. அப்ப அமெரிக்கா போருக்குள்ளயே வரலங்கறத கவனி. ஒரு தோட்டா சுடாம உலகக் கடல்ல பாதி ராஜ்யம் கை மாறுது. 1941 மார்ச்ல லெண்ட் லீஸ் வந்துச்சு, கடனுக்குச் சரக்கு. 1945 ஆகஸ்ட்ல ஜப்பான் சரணடைஞ்சதும் அதையும் படக்குனு நிறுத்திட்டாங்க.

கஜானா காலி. பொருளாதார நிபுணர் கெயின்ஸ் வாஷிங்டனுக்குப் போய் 375 கோடி டாலர் கடன் வாங்கிட்டு வந்தார், வட்டி 2 சதவீதம்தான், ஆனா பவுண்டை யார் கேட்டாலும் டாலரா மாத்திக் கொடுக்கணும்னு கண்டிஷன். 1947 ஜூலைல அதை அமலுக்குக் கொண்டு வந்தாங்க, அஞ்சே வாரத்துல கைல இருந்த டாலர் எல்லாம் ஓடிப்போய் ஆகஸ்ட்ல கதவைச் சாத்திட்டாங்க. அந்தக் கடனோட கடைசித் தவணை கட்டுனது எப்ப தெரியுமா, 2006 டிசம்பர்!

ஒரு தேதியை மட்டும் மறக்காத. 1947 பிப்ரவரி 20, இந்தியாவை விட்டுப் போறோம்னு அட்லீ பார்லிமெண்ட்ல அறிவிக்கிறார். அதுக்கு மறுநாள், பிப்ரவரி 21, கிரீஸுக்கும் துருக்கிக்கும் இனிமே நாங்க காசு கொடுக்க முடியாது, நீங்க பாத்துக்கங்கன்னு பிரிட்டிஷ் எம்பசி அமெரிக்காவுக்குக் கடிதம் கொடுக்குது. அடுத்த மாசமே ட்ரூமன் கோட்பாடு, அதாவது கம்யூனிசத்தை எதிர்க்கற நாடுகளுக்கு இனி அமெரிக்கா உதவும்கற அறிவிப்பு. உன் புக்ல தாண்டிப் போன அந்த ஒரு வரி இங்கதான் இருக்கு.

லவ்டேல்_காத்து எழுதியது:

அண்ணா சொன்ன தகவல் எல்லாம் சரி, ஆனா எல்லாத்தையும் கடன் நோட்டுல எழுதிட முடியாதுன்னு நான் நினைக்கிறேன். காசு மட்டும்தான் காரணம்னா ரஷ்யாவும் லெண்ட் லீஸ்ல வாங்கி இருந்துச்சே, அதுவும் அமெரிக்காவோட பிடிக்குள்ளதானே வந்திருக்கணும்? வரலையே. ஏன்னா போர் முடியறப்ப எவன் படை எங்க நின்னுச்சோ அதுதான் முக்கியமாப் போச்சு. ரஷ்யாவோட செம்படை வார்சா, புடாபெஸ்ட், பெர்லின், பிராக்னு நின்னுட்டு இருந்துச்சு. போலந்துக்காகத்தான் பிரிட்டன் 1939-ல போர்ல குதிச்சுதுன்னு சொன்னாங்க, கடைசில அந்தப் போலந்தை ஸ்டாலின் கைல விட்டுட்டுத்தான் வர வேண்டி இருந்துச்சு. பேப்பர்ல என்ன எழுதினாலும் தரைல நிக்கிற டாங்கியை யார் நகர்த்துறது?

ஜெர்மனி விஷயமும் பயத்துல இருந்து வந்ததுதான். 1948 ஜூன்ல ஸ்டாலின் பெர்லினுக்குப் போற ரோடு ரயில் எல்லாத்தையும் அடைச்சார், கிட்டத்தட்ட பதினோரு மாசம் மேற்கு பெர்லினுக்கு மாவு, நிலக்கரி எல்லாம் விமானத்துலயே போச்சு. மூணு வருஷம் முன்னாடி அதே ஊர் மேல குண்டு போட்டவங்கதான் இப்ப அந்த ஊர் ஜனங்களுக்கு நிலக்கரி கொண்டு வர்றாங்க. அந்தப் பதினோரு மாசம் செஞ்ச வேலையை எந்த ஒப்பந்தமும் செஞ்சிருக்காது. அது நடந்துட்டு இருக்கறப்பவே 1949 ஏப்ரல் 4 நேட்டோ வந்துச்சு, 12 நாடு.

ஜப்பானுக்கு கொரியா. 1950 ஜூன்ல அங்க போர் ஆரம்பிச்சதும் அமெரிக்காவுக்குப் பக்கத்துல துறைமுகம் வேணும், விமானத்தளம் வேணும், ரிப்பேர் பண்ற ஒர்க்‌ஷாப் வேணும், எல்லாமே ஜப்பான்ல இருந்துச்சு. 1951 செப்டம்பர் 8 சான்ஃபிரான்சிஸ்கோல சமாதான ஒப்பந்தமும் பாதுகாப்பு ஒப்பந்தமும் ஒரே நாள்ல கையெழுத்து ஆச்சு. தோத்தவன் மேல பாசம் வந்துடல, அடுத்த எதிரிக்கும் அமெரிக்காவுக்கும் நடுவுல நிக்கிறவன் அவன்தான். இந்தியா அந்த மாநாட்டுக்கே போகல, அதைக் கண்டிப்பா எழுதுங்க, 1952-ல தனியா ஜப்பானோட சமாதானம் பண்ணி நஷ்டஈடும் வேணாம்னுட்டாங்க.

மன்னவனூர்_வாத்தியார் எழுதியது:

ரெண்டு பேரும் சொன்னதுல எது பெருசுன்னு சண்டை வேணாம், ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டது. நான் கொடைக்கானல் மேல்மலைல பல வருஷம் பத்தாவது பன்னெண்டாவதுக்கு வரலாறு எடுத்தவன், பொண்ணு கேட்ட கேள்வி மனசுக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கு, அதனால கொஞ்சம் பின்னாடி போய் சொல்றேன் மா.

கூட்டணிங்கறது நட்புன்னு நினைச்சுப் படிச்சா எதுவும் புரியாது. இத்தாலி 1882-ல இருந்து ஜெர்மனி, ஆஸ்திரியாவோட முக்கூட்டு உடன்படிக்கைல இருந்த நாடு. 1914-ல போர் வந்ததும் ஒதுங்கி நின்னுச்சு, அடுத்த வருஷம் லண்டன்ல ரகசியமா ஒப்பந்தம் போட்டு எதிர்ப்பக்கம் வந்து ஆஸ்திரியா மேலயே பாஞ்சுது. ஆஸ்திரியா கைல இருக்கற நிலத்தை ஜெர்மனியால கொடுக்க முடியாது, பிரிட்டனும் பிரான்சும் கொடுக்கறோம்னு சொல்லலாம், அவ்வளவுதான் கணக்கு.

இதைவிட நம்ம ஊருக்குக் கிட்டத்துல ஒரு உதாரணம் இருக்கு. பிரிட்டனும் ஜப்பானும் 1902-ல இருந்து கூட்டாளிங்க. 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் எம்டன் மெட்ராஸ் துறைமுகத்து எண்ணெய் டாங்கிங்க மேல குண்டு போட்டுச்சே, அந்த எம்டனைத் தேடி இந்தியப் பெருங்கடல்ல பிரிட்டிஷ் கப்பலோட சேர்ந்து சுத்துனது ஜப்பான் கப்பல்ங்களும்தான். போர் முடிஞ்சுது. ஜெர்மன் கடற்படை ஒழிஞ்சதும் பசிபிக்ல யார் பெரியவன்கற கேள்வி அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் நடுவுல வந்து நின்னுச்சு. பிரிட்டன் எந்தப் பக்கம் நிக்கும்? அமெரிக்காவுக்குக் கடன் பட்டிருக்கு, கனடாவும் ஜப்பான் உறவை விடுன்னு நெருக்குது. 1921-22 வாஷிங்டன் மாநாட்டுல பெரிய போர்க்கப்பலுக்கு 5:5:3ன்னு விகிதம் போட்டாங்க, ஜப்பானுக்கு 3, பழைய கூட்டணியும் அதோட முடிஞ்சுது. ஜப்பான்ல அந்த மூணு ஆறவே இல்ல.

எம்டனுக்கு 28 வருஷம் கழிச்சு, 1942 ஏப்ரல் 5 கொழும்பு மேல குண்டு, 6-ஆம் தேதி விசாகப்பட்டினம், காக்கிநாடா, 9-ஆம் தேதி திருகோணமலை. போட்டது நம்ம கடலைக் காவல் காத்த அதே ஜப்பான். மெட்ராஸ்ல இருந்து ஜனம் மூட்டை முடிச்சோட கிளம்புச்சு. எங்க பக்கம் பேரிஜம் வழியா மூணாறுக்குப் போற பழைய காட்டு ரோடு இருக்கு, ஜப்பான்காரன் மெட்ராஸ்ல இறங்கிட்டா வெள்ளைக்காரங்க கொச்சிப் பக்கம் தப்பிச்சுப் போறதுக்குன்னு அப்ப அதைச் சீர் பண்ணி வெச்சிருந்தாங்க, இன்னிக்கும் அதை எஸ்கேப் ரோடுன்னுதான் சொல்வாங்க. சிங்கப்பூர் பிப்ரவரி 15-லயே விழுந்தாச்சு. ஆஸ்திரேலியா பிரதமர் கர்ட்டின் அதுக்கும் முன்னாடியே இனி நாங்க அமெரிக்காவைத்தான் நம்புறோம்னு வெளிப்படையா எழுதிட்டார், 1951-ல பிரிட்டனைச் சேர்க்காமயே அமெரிக்கா, நியூசிலாந்தோட ஒப்பந்தம் போட்டாங்க. காப்பாத்த முடியாத ராஜாவுக்குக் கப்பம் யார் கட்டுவா?

நீலகிரிக்காரங்க மலேரியா மருந்து குயினைன் எடுக்கற சிங்கோனா மரத்தைப் பத்தி யாரும் எழுதலையே. 1942 மார்ச்ல ஜாவா ஜப்பான் கைக்குப் போச்சு, உலகத்துக்கு வந்துட்டு இருந்த குயினைன்ல பெரும்பங்கு அந்தத் தீவுல இருந்துதான். பர்மாலயும் பசிபிக் தீவுகள்லயும் படையைச் சாய்ச்சது தோட்டாவை விட மலேரியாதான். அந்த நேரத்துல நடுவட்டம், தொட்டபெட்டா, ஆனைமலைல இருந்த சர்க்கார் சிங்கோனா மரப்பட்டைக்கு வந்த மதிப்பு கொஞ்ச நஞ்சம் இல்ல. அப்புறம் செயற்கை மருந்து வந்துடுச்சு, பட்டையைத் தேட ஆள் இல்ல, அந்த நிலத்துலயும் தேயிலை ஏறுச்சு.

கடைசியா ஒண்ணு. இந்தியா போருக்கு முன்னாடி பிரிட்டனுக்குக் கடன்பட்ட நாடு, போர் முடியறப்ப பிரிட்டன் நமக்குக் கடன். துணி, சணல், தானியம், ஆள், எல்லாம் எடுத்துட்டு லண்டன்ல கணக்குல எழுதி வெச்சதுல 100 கோடி பவுண்டுக்கு மேல நம்ம பேர்ல நின்னுச்சு. இந்தப் பணத்துக்கு வங்காளத்துல ஜனம் பட்டினில செத்து விலை கொடுத்திருக்கு, அதைச் சொல்லாம இந்தக் கணக்கை எழுதக் கூடாது. போருக்கு அப்புறம் உலகப் பண ஏற்பாடு எப்படி இருக்கணும்னு பேசுன 1944 பிரெட்டன் உட்ஸ் மாநாட்டுல, 44 நாட்டுக்காரங்க நடுவுல, இந்தக் கடனுக்கு வழி சொல்லுங்கன்னு இந்தியக் குழு கேட்டுச்சு, அந்தக் குழுல கோயமுத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் இருந்தார். கேட்டது கிடைக்கல. ஆனா டாலரைத் தங்கத்தோட கட்டி வெச்ச அந்த மாநாட்டுல பவுண்டு இனிமே ரெண்டாவதுதான்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு.

கோத்தகிரி_பனி எழுதியது:

சார், அண்ணா, எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நோட்டுல எழுதிட்டே படிக்கிறேன். பிப்ரவரி 20, 21 ரெண்டையும் நான் சேர்த்துப் பார்த்ததே இல்ல, ரெண்டும் வேற வேற பாடத்துல இருக்கு. ஒரு சந்தேகம், ஐ.நா. சாசனத்துல 1945 ஜூன்லயே இந்தியா கையெழுத்துப் போட்டிருக்குன்னு படிச்சேன், சுதந்திரமே வரலையே, எப்படி? அப்புறம் எங்க தாத்தா சொன்னதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.

மன்னவனூர்_வாத்தியார் எழுதியது:

அதுவும் போர் கொடுத்ததுதான் மா. முதல் உலகப்போருக்கு இந்தியாவுல இருந்து பத்து லட்சம் பேருக்கு மேல கடல் தாண்டிப் போனாங்க, அந்தக் கணக்கைக் காட்டித்தான் 1919 வெர்சாய்ல இந்தியா தனியா கையெழுத்துப் போட்டு, ஐ.நா.வுக்கு முன்னாடி இருந்த சர்வதேச சங்கத்துல உறுப்பினர் ஆச்சு. முடிவு எடுக்கறது லண்டன், நாற்காலி மட்டும் நமக்கு. ஆனா அந்த நாற்காலிதான் 1945-ல நேரா சான்ஃபிரான்சிஸ்கோ ஐ.நா. சாசன மாநாட்டுக்குக் கூட்டிட்டுப் போச்சு. அங்க இந்தியா சார்புல போன குழுவுக்குத் தலைவர் ஆற்காடு ராமசாமி முதலியார், மறு வருஷம் ஐ.நா. பொருளாதார சமூக சபைக்கு முதல் தலைவரும் அவர்தான். ரெண்டாம் போர்ல இந்தியப் படை 25 லட்சம் பேர், அவ்வளவு பேரை வெச்சிருக்கற நாட்டை அதுக்கு மேலயும் அடக்கி வெக்க பிரிட்டனால ஆகலங்கறதையும் சேர்த்து எழுது.

கூடலூர்_லயன் எழுதியது:

அக்கா, வல்லரசு கணக்கு மலைக்கு வருமான்னு கேட்டீங்க. நாங்க இந்த மலைக்கு வந்ததே அந்தக் கணக்குல தான். எங்க பாட்டி கண்டில ஒரு தோட்டத்துல பிறந்தவங்க, நான் பிறந்தது இங்க டான்டீ (தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டக் கழகம்) தொழிலாளர் லயன் வீட்டுல.

1948-ல சிலோன் சுதந்திரம் ஆன வருஷமே ஒரு சட்டம் போட்டுத் தோட்டத் தமிழர்களுக்குக் குடியுரிமை இல்லாமப் பண்ணாங்க. நேரு இருந்த வரைக்கும் அவங்க அங்கயே வாழ்றவங்க, நீங்கதான் ஏத்துக்கணும்னு சொல்லிட்டே இருந்தார். 1964 அக்டோபர்ல நம்ம பிரதமர் சாஸ்திரி, சிலோன் பிரதமர் சிறிமாவோட ஒப்பந்தம் போடுறார், 9,75,000 பேர்ல 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கும், 3,00,000 பேருக்கு சிலோன் குடியுரிமை, மிச்சம் ஒண்ணரை லட்சம் பேரைப் பின்னாடி பேசிக்கலாம்னு. ஆளுங்களை மூட்டை பிரிக்கிற மாதிரி பிரிச்சாங்க, ஒருத்தர் கிட்டயும் உனக்கு எங்க இருக்கணும்னு கேக்கல.

நடுவுல என்ன மாறுச்சு? 1962. சைனாகிட்ட அடி வாங்குனதுக்கு அப்புறம் இந்தியாவுக்கு அக்கம் பக்கத்து நாடு எதுவும் அந்தப் பக்கம் சாஞ்சுடக் கூடாதுன்னு ஒரு பதட்டம் வந்துடுச்சு. சிலோன் 1952-லயே சைனாவுக்கு ரப்பர் கொடுத்து அரிசி வாங்கிட்டு இருந்த நாடு, 62 போருக்கு அப்புறம் ரெண்டு பேருக்கும் நடுவுல பஞ்சாயத்துக்கு கொழும்புல மாநாடு கூட்டுனதும் சிறிமாவோதான். அந்த உறவைக் காப்பாத்தறதுக்கு டெல்லி எங்க ஜனத்தை விட்டுக் கொடுத்துச்சுன்னுதான் நான் பார்க்கிறேன். அவ்வளவு கொடுத்தும் 1971 போர்ல பாகிஸ்தான் விமானங்க கொழும்புல இறங்கி எண்ணெய் நிரப்பிட்டுத்தான் டாக்கா போச்சு.

ராமேஸ்வரத்துலயும் மண்டபம் கேம்ப்லயும் இறங்கி, அங்க இருந்து லாரில மலை ஏறி வந்து, 1968-ல ஆரம்பிச்ச சர்க்கார் தோட்டத்துல காட்டை வெட்டிக் கன்னு நட்டவங்க எங்க ஆளுங்க. பரீட்சைல சர்வதேச உறவுன்னு எழுதறப்ப இதையும் ஒரு பாரா எழுதுங்க அக்கா.

கட்டபெட்டு_சின்ன_விவசாயி எழுதியது:

தங்கச்சி, உங்க தாத்தா சொன்னது நெஜம், கூட ரெண்டு காரணமும் உண்டு.

1953-ல இந்தியாவும் சோவியத்தும் போட்ட வியாபார ஒப்பந்தத்துல டாலர் வேணாம், ரூபாயிலயே கணக்குன்னு முடிவாச்சு. அவங்க இயந்திரம், ஆயுதம், எண்ணெய் கொடுப்பாங்க, அதுக்கு ஈடா நம்மகிட்ட தேயிலை, முந்திரி, துணி எடுப்பாங்க. 1971-ல இது இன்னும் இறுகுச்சு. அந்த ஜூலைல அமெரிக்க அதிபரோட ஆலோசகர் கிஸ்ஸிஞ்சர் பாகிஸ்தான் வழியா ரகசியமா பீக்கிங் போறார், சைனாவும் ரஷ்யாவும் 1969-லயே எல்லைல சுட்டுக்கிட்டவங்க, ஆக அமெரிக்கா, சைனா, பாகிஸ்தான் மூணும் ஒரு பக்கம் வந்துட்டா நாம தனியா நிக்கணும். ஆகஸ்ட் 9 இந்திரா சோவியத்தோட நட்புறவு ஒப்பந்தம். டிசம்பர்ல அமெரிக்கா எண்டர்பிரைஸ் கப்பலை வங்காள விரிகுடாவுக்கு அனுப்புனப்ப அந்த ஒப்பந்தம் எவ்வளவு தெம்பு கொடுத்துச்சுன்னு யோசிங்க. அந்தப் போரை நடத்துன மானெக்‌ஷா கடைசி காலத்துல இருந்தது நம்ம குன்னூர்ல, அடக்கம் பண்ணது ஊட்டில.

எங்க அப்பா காலத்துல சோவியத்துக்காரங்க ஏலத்துல எடுத்துக்கிட்டே இருப்பாங்க, தரம் பெருசாப் பார்க்க மாட்டாங்க. ரெண்டு இலை ஒரு மொட்டுன்னு விரல்ல கிள்ளுனது போய், கத்தரில முத்துன இலையையும் சேர்த்து வெட்டி மூட்டைல அமுக்கிக் கொடுத்தாலும் ஃபேக்டரில எடை போட்டுச் சீட்டு கொடுத்துடுவான், எல்லாம் மெஷின்ல நசுக்கி அரைச்ச சிடிசி டஸ்ட் தூளாப் போயிடும். உருளைக்கிழங்கு முட்டைக்கோஸ் போட்ட நிலத்துல எல்லாம் தேயிலை ஏத்துனோம். 1991-ல சோவியத்தே இல்ல, ரூபாய் கணக்கும் போச்சு. ஆனா விலை அன்னிக்கே விழுந்துடல, ரஷ்யாவுல தனியார் வியாபாரிங்க கொஞ்ச வருஷம் வாங்குனாங்க. 1998 ஆகஸ்ட்ல ரூபிள் கவுந்ததும், அதே சமயத்துல சிலோன் சரக்கும் மத்த நாட்டுச் சரக்கும் அந்த மார்க்கெட்டைப் பிடிச்சதும்தான் இலை விலை ரெட்டை இலக்கத்துல இருந்து ஒத்தை இலக்கத்துக்கு இறங்குச்சு. பறிகூலிக்குக் கூட காணாமப் போச்சு, ரோட்டுக்கு வந்து போராடுனோம், எவ்வளவோ பேர் திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் இறங்கிட்டாங்க.

ஒரே ஒரு கூட்டாளியை நம்பித் தரத்தை விட்டதுக்கு எங்களை மட்டும் குத்தம் சொல்றாங்க. அப்படி எடுத்துக்கோன்னு ஒப்பந்தம் போட்டது டெல்லியும் மாஸ்கோவும். விலை விழறப்ப அந்த ரெண்டு ஊர்ல இருந்தும் யாரும் வரல. இப்பவும் ரஷ்யாவும் ஈரானும் நமக்குப் பெரிய கஸ்டமர், பொருளாதாரத் தடைன்னு ஒரு அறிவிப்பு வந்தா பணம் எந்த பேங்க் வழியா வரும்கற பேச்சுதான் எங்க பக்கம் முதல்ல வருது.

கோத்தகிரி_பனி எழுதியது:

அண்ணா, தாத்தாகிட்ட இதை வாசிச்சுக் காட்டிட்டேன், முந்திரின்னு சொன்னதும் ஆமா ஆமான்னார். கூடலூர் தம்பி எழுதுனதுக்கு என்ன சொல்றதுன்னே தெரியல, பாட்டி கதையை இன்னும் விரிவா எழுதுங்க. கடைசியா ஒரே கேள்வி. இப்ப ஜெர்மனி, ஜப்பான் ரெண்டும் இவ்வளவு பெரிய பொருளாதாரம், அமெரிக்காவுக்கு இவ்வளவு நெருக்கம், அப்புறமும் பாதுகாப்பு சபைல ஏன் நிரந்தர இடம் இல்ல? உக்ரைன் போருக்கு அப்புறமாவது ஏதாவது மாறுமா?

மன்னவனூர்_வாத்தியார் எழுதியது:

உக்ரைன் போர் கூட்டணியை மாத்திடுச்சு, ஐ.நா.வை மாத்தல, ரெண்டையும் தனித்தனியாப் பார்க்கணும் மா. ஃபின்லாந்து ரஷ்யாவோட 1,300 கிலோமீட்டருக்கு மேல எல்லை வெச்சிருக்கற நாடு, ரெண்டாம் போர்ல தோத்து நிலத்தை இழந்து, 1948-ல சோவியத்தோட ஒப்பந்தம் போட்டு, அதுக்கப்புறம் எந்தப் பக்கமும் சேராம வாயை அடக்கி வாழ்ந்துச்சு. 2023 ஏப்ரல் 4 அது நேட்டோவுல. அடுத்த வருஷம் ஸ்வீடன், நெப்போலியன் காலத்துக்கு அப்புறம் எந்தப் போர்லயும் இறங்காத நாடு. நேட்டோ விரியக் கூடாதுன்னு சொல்லித்தான் புடின் போருக்கே போனார், விரிஞ்சுடுச்சு. நம்ம பக்கம் ரஷ்யா எண்ணெய், 2022-க்கு முன்னாடி நாம அதைப் பேருக்குத்தான் வாங்குனோம், அப்புறம் நம்ம இறக்குமதில மூணுல ஒரு பங்கையே தொட்டுச்சு. சண்டை போடாத நாடுகளோட கணக்கும் போர்ல மாறும்.

ஐ.நா. அப்படி இல்ல. சாசனத்தைத் திருத்தணும்னா உறுப்பு நாடுகள்ல மூணுல ரெண்டு பங்கு ஒத்துக்கணும், வீட்டோ வெச்சிருக்கற அஞ்சு பேரும் ஒருத்தர் விடாம ஒப்புதல் கொடுக்கணும். 1965-ல பாதுகாப்பு சபையோட மொத்த இடத்தை 11-ல இருந்து 15 ஆக்குனது ஒண்ணுதான் இதுவரைக்கும் நடந்த விரிவாக்கம், அதுலயும் நிரந்தர இடம் ஏறல. இந்தியா, பிரேசில், ஜெர்மனி, ஜப்பான் நாலும் சேர்ந்து 2005-ல முட்டிப் பார்த்தாங்க, ஜப்பானை சைனா விடாது, நம்மளைப் பாகிஸ்தான் விடாது, ஜெர்மனியை இத்தாலி விடாது.

சாசனத்தோட 53-ஆவது பிரிவையும் 107-ஆவது பிரிவையும் எடுத்துப் படி. ரெண்டாம் உலகப்போர்ல எதிரியா இருந்த நாடுகள்னு அதுல இன்னும் அப்படியே இருக்கு, அது ஜெர்மனியையும் ஜப்பானையும் மத்த அச்சு நாடுகளையும் குறிக்கறது. காலாவதியாயிடுச்சுன்னு 1995-லயே பொதுச்சபைல தீர்மானம் போட்டாங்க, ஆனா வரியை அடிக்கல. மெயின்ஸ்ல சீர்திருத்தம் பத்திக் கேள்வி வந்தா இதுல இருந்து ஆரம்பி.